நான்கு மணி, எட்டு மணி

மூன்று நாளாய் வீட்டில் மீன் வாடை.
அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப்பில் நான்தான் போட்டேன்:
'சி-4இல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பொரிக்கலாமே.'
அமலோற்பவம் ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினாள்.

மிக்சர் அப்போது மொசைக் தரையில்
பின்புறத்தைத் தேய்த்தபடி
ஹாலிலிருந்து சமையலறைவரை போனது.
சிரித்தோம். வீடியோகூட எடுத்தோம்.
நின்று நின்று வாலடியை நக்கியது,
உட்கார்ந்ததும் ஊசி குத்தியதுபோல் எழுந்தது.
பூச்சிதான் என்று மருந்து கொடுத்தார் இவர்.

நாலாம் நாள் சோபா உறையில்
பழுப்பாய் ஒரு சொட்டு.
குனிந்து மோந்தேன்.

வேப்பேரி. டோக்கன் அறுபத்திரண்டு.
டாக்டர் நஸீமா கையுறை மாட்டி வாலைத் தூக்கினார்.
"கடிகாரம்னு வச்சுக்குங்க.
நாலு மணிக்கு ஒரு பை, எட்டு மணிக்கு ஒரு பை.
தானா காலியாகணும்.
சின்ன நாய்ங்களுக்கு அடைச்சுக்கும்."
இரு விரலால் மெல்ல அழுத்த
பஞ்சில் இறங்கியது
மூன்று நாள் மீன்.

எட்டு மணி சிவந்திருந்தது,
விட்டிருந்தால் சீழ் கட்டியிருக்குமாம்.
மாத்திரை, வெதுவெதுப்பாய்த் துணி ஒத்தடம்,
சோற்றோடு வேகவைத்த பரங்கிக்காய்.
"வீங்கினா, ரத்தம் பாத்தா ஓடி வந்துடுங்க.
நீங்களா பிதுக்காதீங்க."

ஆட்டோவில் என் மடியில்
ஐந்து கிலோ தூக்கம்.

லிஃப்டில் அமலோற்பவம்.
"என்னாச்சு குட்டிக்கு?"
சொன்னேன்,
கடிகாரம் உட்பட எல்லாவற்றையும்.
மூன்றாம் மாடிவரை மிக்சரின் காதையே
தடவிக்கொண்டிருந்தாள்.
கதவு திறந்ததும் திரும்பாமல் சொன்னாள்:
"சாம்பல் புதன்லேருந்து
எங்க வீட்ல மீனே வாங்கலைங்க."