ஒன்பதாவது வீடு

பெர்கனில் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு
வாசலிலேயே ஒரு கூடை வைத்திருப்பார்கள்.
நீல பிளாஸ்டிக் உறைகள்.
ஷூவுக்கு மேலேயே மாட்டிக்கொள்ளலாம்.
நடந்தால் சரசரக்கும்;
எந்த அறையில் எத்தனை பேர் என்று
கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

அந்தக் குளிர்காலத்தில்
ஐவிந்தும் நானும் எட்டு வீடு பார்த்துவிட்டோம்.
எட்டிலும் அவன் சுவரைத் தட்டினான்,
தர்பூசணி வாங்குகிறவன் போலக்
காதைச் சாய்த்துக்கொண்டு.
நான் அலமாரிகளைத் திறந்தேன்.
சுவரோடு சேர்ந்ததைத் திறக்கலாம்,
தனியாக நிற்கும் பீரோவைத் திறக்கக் கூடாது
என்பாள் என் அக்கா இங்வில்ட்.
கட்டிலில் உட்காரக் கூடாது.
கழிப்பறையைப் பார்க்கலாம், போகக் கூடாது.
ஏன் விற்கிறார்கள் என்று கேட்கவே கூடாது;
சாவு, பிரிவு, கடன்,
மூன்றில் ஒன்றைத்தான் சொல்லப்போகிறார்கள்,
மூன்றுக்கும் உன்னிடம் பதில் கிடையாது.
எல்லாம் சரியாகத்தான் சொன்னாள்.
ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள்.

ஒன்பதாவது வீடு சான்ட்விக்கனில்,
மலையின் முதுகில் ஒட்டிக்கொண்டு.
வழக்கம்போல் மழை.
தரகர் பெண் ஏலக்காய் பன் சுட்டு வைத்திருந்தாள்.
விற்கும் வீட்டுக்கென்றே ஒரு வாசனை உண்டென்றால்
அதுதான்.
கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர்,
ஆளுக்கொரு விவரக் கையேட்டை
ஜெபப் புத்தகம் மாதிரி பிடித்துக்கொண்டு.

சமையலறையில் நான் சொன்னேன்,
கொஞ்சம் உரக்கவே:
"முதல் வேலையா இந்த ஓட்டையெல்லாம் பேத்து எறியணும்.
இந்தப் பச்சையைப் பொறுக்கி எடுத்தவங்க
கண்ணைத் திறந்துக்கிட்டா எடுத்தாங்க?"
ஐவிந்த் சிரித்தான்.
பக்கத்தில் நின்ற ஒருவரும் லேசாகச் சிரித்தார்.
அறுபது வயதிருக்கும். கம்பளிச் சட்டை, நீல உறை.
கையில் கையேடு.
அதை அவர் திறக்கவே இல்லை.

நிலவறைக்கு நாலைந்து பேர் இறங்கினோம்.
ஒரே இருட்டு.
கதவுக்கு இடப்பக்கம் வலப்பக்கம் என்று
ஆளாளுக்குச் சுவரைத் தடவினோம்.
யாரோ போனை எடுத்தார்கள்.
அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை
என் தோளுக்கு மேலாக நீண்டு,
உத்தரத்துக்கு அடியில்,
எந்த மடையனும் ஸ்விட்ச் வைக்காத இடத்தில்,
தேடாமல் போய்த் தொட்டது.

வெளிச்சம்.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்,
அடுத்தவர் சட்டைப் பையில் விட்ட கை மாதிரி.
மற்றவர்கள் ஈரக்கசிவைப் பார்க்கப் போனார்கள்.
நான் அவரைப் பார்த்தேன்.
பார்த்ததை அவரும் பார்த்தார்.

விற்கிறவர் வீட்டில் இருக்கக் கூடாது,
இங்கே அதுதான் வழக்கம்.
காபிக் கடைக்கோ மகள் வீட்டுக்கோ அனுப்பிவிடுவார்கள்.
இவர் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து,
கூடையிலிருந்து ஒரு ஜோடி உறை எடுத்து மாட்டி,
தன் தரையில் தானே சரசரத்துக்கொண்டு
எங்களோடு வரிசையில் வந்திருக்கிறார்.

மன்னிப்புக் கேட்கலாம்.
கேட்டால் அவர் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துபோகும்.
அந்தப் பச்சை ஓட்டில் ஒன்று
தொண்டையில் நின்றது.

மேலே வந்ததும் அவரருகே போய் நின்றேன்.
ஜன்னலில் முக்கால் வானத்தை மலை தின்றிருந்தது.
"இங்கே வெயில் வருமா, தெரியுமா உங்களுக்கு?" என்றேன்,
வீடு பார்க்க வந்தவள்
வீடு பார்க்க வந்தவரைக் கேட்பதுபோல.

"வரும்னு கேள்வி."
பிறகு, கையேட்டில் படிப்பதுபோலக் குனிந்துகொண்டு:
"நவம்பர்ல போனா பிப்ரவரி ஆறாம் தேதிதான்.
பதினொன்றே கால் மணி இருக்கும்.
மொதல்ல சமையலறைக்குத்தான் வரும்.
அந்தப் பச்சையில அது படறப்போ..."

ஈரக் குடையோடு இருவர் உள்ளே வந்தார்கள்.
நிறுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை ஏலத்தில்
எழுபதாயிரம் குரோனரில் வீட்டை விட்டோம்.
யார் வாங்கினார்கள் என்று தெரியாது,
ஓடுகள் என்ன ஆயின என்றும்.

இப்போது பதினான்கு வீடாகிவிட்டது.
ஐவிந்த் இன்னும் தட்டுகிறான், சற்று மெதுவாக.
நான் காரில் ஏறிக் கதவைச் சாத்தும்வரை
வாயைத் திறப்பதில்லை.

பிப்ரவரி ஆறு அன்று அலுவலகத்தில்
பதினொன்றே கால் மணிக்கு எழுந்து
ஜன்னலண்டை போனேன்.

மழைதான்.