குறி மாறும் இடம்

ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து
கன்னியக்கோயில் பங்க் வாசலில்
கடலூர் பஸ் பிடித்தால்
மஞ்சக்குப்பம் வருவதற்குள்
மூன்று கணக்குப் போடலாம்.
உட்கார இடம் கிடைத்தால் நாலு.

முப்பத்தொரு வயதில்
பத்தாவது எழுதப் போகிறவள் நான்.
ஏழாவது புத்தகத்துக்குப்
பழுப்பு உறை போட்டுத்தான்
மடியில் விரிக்கிறேன்.

மூன்று எக்ஸ் கூட்டல் ஏழு
சமம் ஐம்பத்திரண்டு.

பக்கம் மாறினால் குறி மாறும்,
அந்தக் காலத்தில் போர்டில் எழுதிப் போட்டது.
ஏன் என்று கேட்ட ஃபிலோமினாவைப்
பெஞ்சு மேல் ஏற்றினார்கள்.
நான் கேட்கவில்லை.
பெயிலானேன்.

முள்ளோடை.
முன் சீட்டுக்காரர் பையைக்
காலுக்கடியில் தள்ளினார்.
கண்ணாடியோடு கண்ணாடி இடித்தது.
அந்தப் பக்கம் பில் போட்டு வாங்கியது
இந்தப் பக்கம் கேஸ்.
கூட்டல் ஏழு கழித்தல் ஏழாகிவிட்டது,
சரிதான் என்று எழுதிக்கொண்டேன்.

ஆனால் காலையிலிருந்து
கடலூர் வண்டிகளுக்கு
விலை குறைந்த பெட்ரோலை
விளிம்பு வரை ரொப்பி அனுப்பியிருக்கிறேன்.
அதுவும்தான் பக்கம் மாறியது.
அதன் குறியை யார் மாற்றினார்கள்?

ஆல்பேட்டையில் போலீஸ் ஏறிப்
பையை இறக்கினார்கள்.
பிறகு ஆளை.
பஸ் அசையாமல் நின்றது.
பென்சில் ஆடாத அந்த ஐந்து நிமிஷத்தில்
பார்த்தேன்:

ஏழு எங்கேயும் போகவில்லை.
எதையும் தாண்டவில்லை.
இங்கே ஏழு எடுத்தேன்,
அங்கேயும் ஏழு எடுத்தேன்,
அவ்வளவே.
இரண்டு பக்கமும் ஒரே கை.
ஃபிலோமினா,
இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்காதே,
உன்னை ஏன் அவ்வளவு நேரம் நிற்க வைத்தார்கள்?

மூன்று எக்ஸ் நாற்பத்தைந்து.
மூன்றாக வகுத்தால் பதினைந்து.
மாறி என்று அதற்குப் பெயர்.
இந்தக் கணக்கில் அது
முதல் வரியிலிருந்தே பதினைந்துதான்,
தெரியாமல் இருந்தது நான்.

திரும்ப வைத்துப் பார்த்தேன்.
நாற்பத்தைந்து, ஏழு, ஐம்பத்திரண்டு.
அடியில் ஒரு கோடு இழுத்தேன்,
பிறகு அதன் அடியில் இன்னொன்று.

விசில்.
அவர் டிக்கெட்டுக்குப் பின்னால்
பாக்கி எழுதிக் கொடுத்திருந்த கண்டக்டர்
சில்லறையைக் கையில் எண்ணி
ஜன்னல் வழியே ஒருதரம் எட்டிப் பார்த்தார்.
பஸ் பெண்ணையாற்றுப் பாலம் ஏறியது.
சில்லறை பைக்குள் திரும்பப் போனது.

அடுத்த கணக்கில்
இரண்டு பக்கமும் எக்ஸ்.