இரண்டாம் தரம்

பின்னிரவு இரண்டரைக்கு
பாலாடா ஷெட்டில் காரட் கழுவும் எந்திரம் ஓடத் தொடங்கும்.
அந்நேரம்தான் அவளுக்கும் பசிக்கும்,
மூன்று கிலோமீட்டர் மேலே, கம்பளிக்குள்.
பீய்ச்சி வைத்துவிட்டு வந்ததைத் தனசீலன்
பாலாடையில் ஊற்றிப் புகட்டுவான்.
பாலாடா, பாலாடை.
ஒரே ஒரு எழுத்தின் இரு பக்கமும் நான் கிடந்தேன்.
இங்கே ரவிக்கை நனையும்.
எந்திரத் தண்ணீர் தெறித்தது என்பேன்
பக்கத்தில் நிற்கும் சகாயமேரியிடம்.
அவளும் இரண்டு பெற்றவள்.
தலையை ஆட்டிவிட்டுத் துண்டை நீட்டுவாள்.

ஆறு மாதம்.
அவள் உடம்பில் இருப்பதெல்லாம் நான் போட்டது.
தொடை மடிப்பு, காது மடல்,
நகம் வெட்டும்போது விழுந்த பிறைகள்,
எல்லாம் என் கணக்கு.
இந்த மலையில்
பட்டா இல்லாமலே என் பேரில் இருந்த ஒரே சொத்து.

புதன்கிழமை ஊசி போடப் போனபோது
அட்டையைப் புரட்டிக்கொண்டே நர்ஸ் சொன்னார்,
"இனி கொஞ்சம் கொஞ்சமா வெளியே இருந்தும் குடுங்க."
வெளியே இருந்து.
பஸ் ஸ்டாப்பில் நின்று
அந்தச் சொல்லையே மென்றுகொண்டிருந்தேன்.
எதிர்ச்சரிவில் படிப்படியாய்
வெளியே கிடந்தது,
பீன்ஸும் பூண்டும் முட்டைகோசும்
மருந்தடிக்கும் ஆளின் மஞ்சள் கோட்டும்.

முதலில் சோறு.
இந்த உயரத்தில் அரிசி குழைய
குக்கரிடம் மூன்று விசில் கூடுதலாய்க் கெஞ்ச வேண்டும்.
பிசைந்தேன், மசித்தேன், வடிகட்டினேன்,
என் பாலையே நாலு சொட்டு
சிபாரிசுக் கடிதம் மாதிரி மேலே விட்டேன்.
அவள் நாக்கு
அதை வாசல்வரை கொண்டுவந்து
மரியாதையாய் வெளியே அனுப்பியது.
தாடையில் வழிந்ததை வழித்து மறுபடி வைத்தேன்.
மறுபடி வாசல்.
மூன்று நாள், காலையும் மாலையும்.
உருளைக்கிழங்குக்கும் அதே வாசல்.
ஒரு ஆப்பிள் முப்பது ரூபாய். அதற்கும்.

உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம்
சந்தோஷமாகத்தான் இருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.

நாலாம் நாள் வேலை முடிந்து வரத் தாமதம்.
மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் லாரி
வளைவில் சக்கரம் இறங்கி வழியை அடைத்துக் கிடந்தது.
புல்லெல்லாம் உப்பாய்ப் பனி பூத்திருக்க
நடந்தே ஏறி வந்து கதவைத் தள்ளினால்
அழுகைச் சத்தம் இல்லை.
தனசீலன் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான்.
மடியில் அவள்.
பையில் நான் கொண்டுவந்து போட்டிருந்த ஒடிந்த காரட்,
இரண்டாம் தரம்,
மண்டிக்கு ஆகாதென்று ஆட்களுக்குக் கொடுப்பது.
வேகவைத்து விரலால் மசித்திருக்கிறான்.
விசில் எண்ணவில்லை. வடிகட்டவில்லை.
அவள் புருவம் ஆரஞ்சு.
காது ஆரஞ்சு.
அவன் சட்டைப்பை ஆரஞ்சு.
வாய் திறந்தது, மூடியது.
திறந்தது.
வாசலுக்கு எதுவும் வரவில்லை.

"சாப்புடுறா" என்றான்,
திருடிப் பிடிபட்டவன் குரலில்.

ஸ்வெட்டரைக் கழற்றாமலே வாங்கி அணைத்தேன்.
குடித்தாள். பாதியில் விட்டுவிட்டு
ஜன்னலைப் பார்த்தாள்.
இதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை.
மூச்சில் வெந்த காரட் வாசனை.
என் பாலுக்குப் பக்கத்து வீட்டில்
ஆள் குடிவந்தாயிற்று.

மறுநாள் துணியும் அதே நிறம்.
ரத்தமோ என்று தனசீலன் போனில் பதறினான்.
எந்திர இரைச்சலில் நான் சிரித்தது
அவனுக்குக் கேட்டிருக்காது.

பெல்ட்டில் வந்துகொண்டே இருந்தன,
குளித்து, பளபளத்து, மூட்டை மூட்டையாய்.
மூன்று வருஷமாய் நீளம் பார்க்கிறேன், வெடிப்பு பார்க்கிறேன்.
ஒன்றை எடுத்துக் கையில் வைத்திருந்தேன்.
முதல் தரம்.
"பாப்பாவுக்கா?" என்றாள் சகாயமேரி.
"இல்ல, எனக்கு."
கடித்தேன்.
அவ்வளவு கழுவியும்
பல்லில் மண் நறநறத்தது.