மூன்றாம் வகை

குரல் எனக்கில்லை.
குரல் பக்கத்து மேசைகளுக்கு.
மூச்சு இருக்கிறதா, நினைவு இருக்கிறதா என்று
அவர்கள் கேட்டுத் தட்டியதெல்லாம்
என் திரையில் ஒற்றை வரியாக வந்து விழும்:
எண், தெரு, வயது, நிறம்.
வேக்ஃபீல்டில், ஜன்னலில்லாத கூடத்தில்
நிறங்களுக்கு வண்டி பிரிப்பவள் நான்.

அன்று கால்டர் ஆறு
சாயங்காலமே கரையைத் தின்னத் தொடங்கியிருந்தது.
பள்ளத்தாக்கின் சாலைகள் ஒவ்வொன்றாக
வரைபடத்தில் சிவந்து செத்தன.
இருபத்தோரு வண்டியில் ஆறு
ஆஸ்பத்திரி வாசலில் நோயாளியோடு நிற்க,
இரண்டு தண்ணீருக்கு அந்தப் பக்கம் மாட்ட,
மிச்சத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தேன்,
பந்தியில் ஆள் கூடிவிட்ட வீட்டில்
அடிச்சட்டிக் குழம்பை ஊற்றுகிறவள் போல.

ஹோல்ராய்ட், கிளிஃபர்ட். எண்பத்து மூன்று.
டோட்மர்டன். சமையலறையில் வழுக்கி விழுந்தார்.
இடுப்பு. மூச்சு உண்டு. நினைவு உண்டு.
மூன்றாம் வகை.

ஆறு மணிக்கு அவருக்கென்று ஒரு வண்டி திருப்பினேன்.
ஹாலிஃபாக்ஸில் நெஞ்சுவலி. பிடுங்கிக் கொடுத்தேன்.
ஏழரைக்கு இன்னொன்று.
நீலம் பாரித்த ஒரு குழந்தை. பிடுங்கினேன்.
(அது போய்ச் சேருமுன்பே
தொண்டையில் சிக்கிய திராட்சையைத் துப்பிவிட்டு
குழந்தை வீறிட்டு அழுததாம்.
வண்டியைத் திருப்பித் தர முடியவில்லை,
அதற்குள் பாலத்தை மூடிவிட்டார்கள்.)
மூன்றாம் முறை எதற்குப் பிடுங்கினேன் என்பதை
பதிவைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

ஒன்பதுக்கு டெனீஸ் வந்து தோளைத் தொட்டாள்.
காத்திருப்பவர்களை மணிக்கொரு தரம் அழைத்து
எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க ஆளில்லை.
உன் பட்டியலை நீயே கூப்பிடு என்றாள்.

'ஹலோ, தொந்தரவுக்கு மன்னிக்கணும்' என்றார்.
அழைத்தது நான்.

வலி கூடியிருக்கிறதா?
'அப்படியேதான் இருக்கிறது.'
பேச்சு குழறுகிறதே?
'அது என் பல்செட், கண்ணு. மேசைமேல் இருக்கிறது.'
புதிதாக ஏதேனும் மாற்றம்?

அங்கேதான் நின்றார்.
ஒரு ஃபிரிட்ஜ் முனகுவது கேட்டது.
'சொல்ல வெட்கமாக இருக்கிறது.
நனைத்துக்கொண்டுவிட்டேன் போல.
முதுகெல்லாம் ஈரம்.'

தாளில் அடுத்த கேள்வி மாத்திரைகளைப் பற்றியது.
கேட்கவில்லை.
சூடா, குளிரா? என்றேன்.
'என்னது?'
அந்த ஈரம், ஐயா. தொட்டுப் பாருங்கள்.

உள்ளங்கையைத் தரையில் வைத்திருப்பார்.
'ஜில்லென்று இருக்கிறது' என்றார்,
பரீட்சையில் தேறிய பையனின் நிம்மதியோடு.
பிறகு, மெதுவாக:
'அப்படியானால் அது நான் இல்லை.'

இல்லை.
அது ஆறு.

இடது கை தீயணைப்பு மேசைக்கு மணி அடித்தது.
வலது கை அவருடைய வரியைச் சிவப்பாக்கியது.
வாய் மட்டும் அவரோடு இருந்தது:
நாற்காலி மெத்தையை இழுங்கள், தலைக்குக் கீழே,
இன்னும் ஒன்று, சுருட்டி வையுங்கள்.
நேரத்துக்கு வந்துவிடுவார்கள் என்று சொல்ல
எங்களுக்கு அனுமதியில்லை.
கிளம்பிவிட்டார்கள் என்று சொல்லலாம்,
கிளம்பிய பிறகு.

பதினொரு நிமிடம்.
நடுவில் ஃபிரிட்ஜ் நின்றுபோனது.
அவர்தான் பேசினார்: நாய் மாடியில் இருக்கிறதாம்,
படகுக்காரர்களிடம் சொல்லிவிட வேண்டுமாம்,
கடிக்காது, பாடும்.

கதவு. தண்ணீரில் கனத்த பூட்ஸ் சத்தம்.
யாரோ 'கிளிஃப்!' என்றார்கள்.
மேலே எங்கோ நீளமாக ஒரு பாட்டு.
தொடர்பு அறுந்தது.

வகையை உயர்த்தியதற்குக் காரணம் கேட்கும்,
சொல்லாமல் பதிவு மூடாது.
பட்டியலில் பதினான்கு காரணங்கள்,
மயக்கம், ரத்தப்போக்கு, வலிப்பு என்று.
மற்றவை என்பதைத் தொட்டு
ஒரே ஒரு சொல்லைத் தட்டினேன்:
குளிர்.

காலையில் டெனீஸ் திருப்பி அனுப்பியிருந்தாள்.
விளக்கம் போதாது.