மூன்றாம் அலைவரிசை

இரண்டாம் இலக்கக் குழு அறையில்
கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பவன் நான்.
அவர் சிங்களத்தில் "நான்" என்பார்.
அரை நொடி பிந்தி
நானும் "நான்" என்பேன்.
பதினொரு வருடமாய் இதற்குத்தான் சம்பளம்.

கௌரவ சோமபந்து கலகெதர
நாலு குழுக்களில் இருக்கிறார்.
கணக்கு, மனு, மின்சாரம், நகர வீடமைப்பு.
கூட்ட நடப்பெண் இல்லாத நாட்களிலும் வருவார்,
வெறும் கதிரைகளுக்கு நடுவில் இருந்து
கணக்காய்வு அறிக்கையைப் பென்சிலால் கீறிக்கொண்டிருப்பார்.
சீனி போடாத பிளேன்டீ.
எழும்பிப் போகும்போது
கூண்டைப் பார்த்துத் தலையசைக்கிற ஒரே உறுப்பினர்.

அவருக்காக நான்
எவ்வளவோ நிலைப்பாடு எடுத்திருக்கிறேன்.
நிலக்கரி வேண்டாம் என்றேன்.
இரண்டு வருடம் கழித்து
தற்காலிகமாக வேண்டும் என்றேன்.
தண்ணீரை விற்கக் கூடாதென்று மேசையில் தட்டினேன்
(தட்டியது அவர்.
என் கை மடியில்தான் கிடந்தது).
மரண தண்டனை பற்றிக் கேட்டபோது மட்டும்
ஒரு முழு நிமிடம் பேசாமல் இருந்தார்.
ஹெட்போனில் அன்று
என் மூச்சுத்தான் போயிருக்கும்.

போன செவ்வாய்
வெள்ளத் தணிப்புச் சட்டமூலம்.
பிரிவு பதினேழு, இரண்டாம் அட்டவணை.
அவர் சொன்ன சொல்லுக்கு என்னிடம் இரண்டு இருந்தன,
அகற்றல், அப்புறப்படுத்தல்.
குப்பைக்கும் இவைதான்.
ஒன்றை எடுத்துக்கொண்டு தொடர்ந்தேன்.
அவர் வாசிக்க வாசிக்க நானும்
ஊர் ஊராக, இலக்கம் இலக்கமாக
"நூற்றெழுபதாம் தோட்டம், மட்டக்குளி,
மூன்றாம் முடுக்கு."

கொழும்பில் தோட்டம் என்றால்
பூ இருக்குமென்று நினைக்க வேண்டாம்.
ஒன்றரை பேர்ச்சஸ், தகரம், பொதுக் குழாய்.
மூன்றாம் முடுக்கில் நீலக் கதவு
என்னுடையது.

அரை நொடிதான் எனக்கு அனுமதி.
அன்று இரண்டு நொடி எடுத்தேன்.
ஒலிக் கோளாறு என்று குறித்திருப்பார்கள்.
பிறகு
அவருடைய அதே நிதானத்தில், இறங்கி முடிகிற அதே குரலில்
சொன்னேன்:
"நான் இந்தப் பிரிவை ஆதரிக்கிறேன்.
மனிதரை ஆற்றுக்குள் குடியிருக்க விடுவது
கருணை அல்ல."

பிழை என்று சொல்லவும் முடியவில்லை.
வெசாக் முடிந்த கிழமை வந்த தண்ணீர்
நீலக் கதவில் போட்டுவிட்டுப் போன கோடு
என் நெஞ்சளவு.
மகளின் ஓ.எல். கொப்பிகள்
தகரத்தின் மேல் நாலு நாள் காய்ந்தன.

அவர் ஒன்று கேட்டார், மற்றவர்கள் கேட்காததை:
காணி உறுதி இல்லாத குடும்பங்கள் எத்தனை?
அதிகாரி கோவையைப் புரட்டினார்.
தகவல் பின்னர் சமர்ப்பிக்கப்படும்.
"பின்னர் என்றால்?"
அதை நான் அவரைவிடக் கொஞ்சம் உரக்கக் கேட்டிருக்கலாம்.
அதற்குள் தவிசாளர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
கலகெதர பென்சிலை வைத்தார்.
கையெழுத்து வைக்கப் பேனை எடுத்தார்.

மூன்றாம் அலைவரிசையை அன்று
கேட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள்.
மனுதாரர் வரிசையில்
கைப்பையை மடியில் இறுக்கி
மர்சலின் அக்கா, ஏழாம் நம்பர் வீடு.
ஹெட்போன் கொண்டையில் வழுக்க வழுக்க
ஒரு கையால் பிடித்துக்கொண்டு
கலகெதரவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா.
நடுவில் ஒருதரம்
தலையைத் திருப்பி அறை முழுக்கத் தேடினா.
கண்ணாடியில் வெளிச்சம் பட்டிருந்தது.

பத்தரமுல்லையில் ஒரு பஸ்,
புறக்கோட்டையில் இன்னொன்று.
வந்து சேர ஏழரை.
குழாயடியில் அவவின் வாளி
நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.
சட்டமூலம் பற்றிக் கேட்கவில்லை.
அந்த ஐயாவின் பெயரும் ஞாபகமில்லை.
"தம்பி, ஒங்கட கொரல் காதுக்குள்ள
நல்ல கிளியரா இருந்திச்சு" என்றா.
குழாயை மூடினா.
வாளியை இடுப்புக்கு ஏற்றினா.
"எப்ப வெளிக்கிடணும் எண்டு
அதையும் நீங்களே சொல்லிருங்க."