சுவருக்கு இந்தப் பக்கம்

நாடகத்தை நான் பார்க்கவில்லை.
கோட்டுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை.
பெர்கன் நகரின் நவம்பர், மழை விட்டபாடில்லை.
இருநூற்றுப் பதினான்கு கொக்கிகளும் சொட்டுகின்றன.

புது நாடகம், முதல் நாள்.
காதலியின் கடைவாய்ப்பல்லைப் பிடுங்க மனம் வராமல்
பல் மருத்துவர் ஒருவர் இரண்டு மணி நேரம் பாடுகிறாராம்.
சுவரொட்டியில் அவ்வளவுதான்.
மிச்சத்தைச் சுவர் சொல்லும்.

முதலில் ஒரு களுக்.
யாரோ ஒருத்தி, முன்வரிசையாக இருக்கும்,
அடக்கப் பார்த்து மூக்கு வழியே விட்டுவிட்டாள்.
அப்புறம் இருமல், மிட்டாய்த்தாள்.
அப்புறம் பல்லைத் துளைக்கும் இயந்திரம்.
நிஜ இயந்திரம்தான் போல, எனக்கே கூசிற்று.
அது போட்ட சுருதியை அப்படியே பிடித்து
ஒரு ட்ரம்பெட் பாட ஆரம்பித்தது.
கொல்லென்று ஒரு சிரிப்பு!
கொக்கிகளில் பித்தளை எண்கள் கிணுகிணுத்தன.

பதினேழு முதல் முப்பத்தாறு வரை
பல் மருத்துவர் சங்கத்தின் கோட்டுகள்.
அவர்கள் சிரிப்பு தனியாகத் தெரியும்:
ஊரே சிரித்து ஓய்ந்த பிறகு,
பக்கத்து முகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வரும்.
ஒரே ஒருமுறை முந்திக்கொண்டார்கள்.
இருபது பேரும் குபீரென்று.
மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.
நடிகன் எந்தக் கருவியைத் தலைகீழாகப் பிடித்தானோ.

இடைவேளையில்
திருமதி ஹெல்லெஸோய் சீட்டை நீட்டினார்.
"இதெல்லாம் ஒரு கதையா?"
வீட்டுக்குக் கிளம்பிவிட்டீர்களா என்றேன்.
"யார் சொன்னது? பையில் கண்ணாடி இருக்கிறது.
அந்தப் பெண்ணின் பல்லைச் சரியாகப் பார்க்க வேண்டும்."

எஸ்கில் என்றொரு சிறுவன்
தாதிகளின் பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டு
ஒற்றைக்காலில் வந்தான்.
அவன் அப்பா முகத்தில் ஈயாடவில்லை.
நுழைவுச்சீட்டின் விலையை
மறுபடியும் ஒருமுறை படித்துக்கொண்டிருந்தார்.

அறுபத்தொன்று:
சாம்பல் கம்பளிக் கோட்டு,
விழுந்த பொத்தானுக்குப் பதில் ஒரு நூல்முடிச்சு.
அதன் சொந்தக்காரன் கோட்டைக் கேட்காமலே
மழைக்குள் இறங்கிப் போனான்.
புகைக்கப் போகிறான் என்று நினைத்தேன்.
மணி மூன்று முறை அடித்தும் திரும்பவில்லை.

இரண்டாம் பாதி
கதவு சாத்தப்படும் ஓசை, கைதட்டல்,
யாரோ எதிலோ இடறி விழுந்த சிரிப்பு.
பிறகு பியானோ மட்டும்.
அதன் மேல் ஒரு மெல்லிய குரல்.
சுவர் வாயை மூடிக்கொண்டது.

மௌனத்தில் இரண்டு வகை எனக்குத் தெரியும்.
தூங்குபவர்களின் மௌனத்தில் நாற்காலிகள் முனகும்.
இதில் முனகவில்லை.

பத்தரைக்குக் கூட்டம் என் மேசைமேல் மோதியது.
"அந்த ஊசியை அந்தக் கோணத்தில் போடவே முடியாது"
என்று இருபத்தொன்று முப்பதிடம் வாதாட,
முப்பது சீட்டியடித்தார்.
எஸ்கிலின் அப்பா
முடிவு தனக்கு முன்பே தெரியும் என்றார்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து.
"இதெல்லாம் ஒரு கதையா?" திருமதி ஹெல்லெஸோய்தான்.
"வியாழக்கிழமைக்கு இரண்டு சீட்டு கிடைக்குமா?
என் தங்கையும் வந்து அவதிப்படட்டும்."

கடைசியில் ஒற்றைக் கோட்டு.
அவன் வந்தான், முழங்கால் வரை சேறு.
துறைமுகத்தை மூன்று முறை சுற்றினானாம்.
இசை அவனுடையதாம்.
"சிரித்தார்களா?"

பித்தளை எண்கள் கிணுகிணுத்ததைச் சொன்னேன்.
பல் மருத்துவர்கள் முந்திக்கொண்டதைச் சொன்னேன்.
அவன் நூல்முடிச்சைத் திருகிக்கொண்டே,
"அந்த மெதுவான பாட்டு?" என்றான்.

நாற்காலி முனகவில்லை என்றேன்.

என்ன புரிந்ததோ.
குடைகள் வைக்கும் பெட்டிமேல்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.
பிறகு நனைந்த சட்டைமேல் காய்ந்த கோட்டைப் போட்டுக்கொண்டு
நன்றி சொல்ல மறந்து போய்விட்டான்.

விளக்கை அணைக்கும்போதுதான் கவனித்தேன்,
இவ்வளவு நேரமும் என் நாக்கு
கடைவாய்ப்பல்லைத் தடவிக்கொண்டிருந்தது.