புதன்கிழமைக் காசு

கடைசித் தவணை கட்டி முடித்த அடுத்த புதன்,
பத்தேகால் மணிக்கு
ஒழுங்கை முடக்கில் மோட்டார் சைக்கிள் ஒன்று
கியர் மாற்றுகிற சத்தம்.
தையல் மெஷினில் இருந்த கால் தானாக எழும்பிற்று.
பாதி தைத்த பள்ளிக்கூடச் சட்டையோடு
குசினிக் கதவின் பின்னால் நின்றேன்
மூச்சை அடக்கி,
மூன்று வருடம் நின்ற அதே இடத்தில்.
என் தோள் பட்டுப் பட்டுச்
சுவர் அங்கே மட்டும் மினுங்கும்.

வந்தது மீன்காரர்.
"சூடை கிடக்கு, தங்கச்சி."
அரைக் கிலோ வாங்கினேன்.
கை நடுங்கினதைக் குளிர் என்று நினைத்திருப்பார்,
கொக்குவிலில், சித்திரை வெயிலில்.

கடன் முடிந்த செய்தி
உடம்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

மேசை லாச்சிக்குள்
இரண்டாயிரத்து நாநூற்றைம்பது ரூபா,
றப்பர் வளையம் போட்டபடி.
செவ்வாய் இரவே எண்ணி வைத்திருக்கிறேன்
கேட்க ஆளில்லாத காசை.

அந்தக் கிழமை ஆட்டிறைச்சி வாங்கினோம்.
பொய் சொல்லவில்லை, நன்றாகத்தான் இருந்தது.
எலும்பை உறிஞ்சிக்கொண்டே நேசராசா கேட்டார்:
"இனி ஒவ்வொரு புதனும் இப்பிடியோ?"
பகிடிக்குத்தான் கேட்டார்.
எனக்கு இரவு நித்திரை வரவில்லை.

அடுத்த புதன் சைக்கிளை எடுத்தேன்.
சங்கக் கடைக்குப் பக்கத்தில் கிராமிய வங்கி.
புத்தகத்தில் என் பெயர் மட்டும்:
பகவதி நேசராசா.
குழுத் தலைவி இல்லை, பிணைக்காரிகள் நால்வர் இல்லை,
ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவள் கட்டு என்ற
அந்த வரி இல்லை.

மூன்றாம் புதன் உண்மையாகவே கஜீபன் வந்தான்.
ஒளிக்க நேரம் கிடைக்கவில்லை.
"அக்கா, நீங்கள் ஒரு தவணையும் பிந்தாத ஆள்.
இந்த முறை இரண்டு லட்சம் தரலாமாம்.
கையெழுத்து மட்டும் காணும்."

பிந்தாத ஆள்.
பிந்தாமலிருக்கக் கொடியை அடகு வைத்ததும்
கொடியை மீட்கச் சீட்டைக் கழித்து எடுத்ததும்
சீட்டுக்குக் கட்ட வனிதாவிடம் மாறினதும்
கழுத்தில் மஞ்சள் கயிறோடு
கலியாண வீடுகளுக்குப் போகாமல் விட்டதும்
அவனுடைய அட்டையில் பதிய இடமில்லை.

வெயிலில் நின்றான். தலைக்கவசம் கழற்றின மயிர்
நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது.
தேத்தண்ணி கொடுத்தேன்,
மூன்று வருடத்தில் முதல் தேத்தண்ணி.
அவனுடைய சைக்கிளும் லீசிங்கில்தானாம்.
"வேண்டாம் தம்பி" என்றேன்.
சின்னச் சொல்.
வாய்க்குள் வைத்திருந்து பழக்கமில்லாததால்
கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது.

பிறகும் மூன்று புதன் தவறிற்று.
ஒன்று மகனுக்குக் காய்ச்சல். ஒன்று நல்லூர்த் தேர்.
மற்றதுக்குக் காரணம் சொல்ல வெட்கம்:
ஒரு சேலை. கத்தரிப்பூ நிறம்.

ஐப்பசி மழை தகரத்துக்குள்ளால் ஒழுகி
மெஷின் மோட்டர் எரிந்தது.
ஒன்பதாயிரம் என்றான் திருத்துகிறவன்.
முந்தியென்றால் அந்த இடத்திலேயே
யார் யாரிடம் கேட்கலாம் என்று
மனம் வீடு வீடாக ஏறி இறங்கத் தொடங்கும்.
அன்றும் இரண்டு வீடு ஏறிவிட்டுத்தான்
புத்தகம் ஞாபகம் வந்தது.

"பிணைக்கு ஆள் கூட்டி வரவேணுமோ?"
கவுண்டரில் இருந்த பிள்ளை
கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள்.
"உங்கட காசு தானே, அக்கா."

வெளியே வந்து மழைக்குள் நின்றேன்.
குடை கையில் இருந்தது, விரிக்கவில்லை.

இப்போது பழைய தவணை அட்டையின் பின்பக்கத்தில்
எழுதி வைத்திருக்கிறேன்:
கடன் தந்தவள் பகவதி, எடுத்தவள் பகவதி,
ஒன்பதாயிரம். வட்டியில்லை.
புதன்தோறும் வழமைக் காசோடு ஐந்நூறு கூட.
பிந்தினால் வந்து கதவைத் தட்டுவேன்.
அவள் ஒளிக்கிற இடம் எனக்குத் தெரியும்.